ஒரு வண்டிச் சத்தத்தின் முப்பத்தைந்து கூறுகள்

அன்று ஆறுமுகநயினார் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வண்டியின் சொந்தக்காரரும், வாகைக்குளம் காய்கறிச் சந்தையில் மூட்டைகளுக்கு எடை போடுகிறவருமான ஆறுமுகநயினார், ஸ்பேனர் பெட்டியை இரவல் கொடுத்ததோடு நிற்காமல் பெட்டியின் பின்னாலேயே தானும் வந்துவிட்ட லாரி டிரைவர் லாரன்ஸ், தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் தெருவில் ஆடு அடித்தால் கூறு போட்டுக் கொடுக்கிற பலவேசம் அண்ணாச்சி, வத்தல் காயப்போட மாடிக்கு ஏறி, அங்கிருந்து எட்டிப் பார்த்து, பார்ப்பதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம் என்று இறங்கி வந்த அடுத்த வீட்டுச் சண்முகக்கனி, அவள் எதற்கு இறங்கினாள் என்று பார்க்க வந்த அவள் புருஷன், தண்ணீர் கேன் போட வந்து, போட்ட பிறகும் போகாமல் நின்ற ஒருவர். ஆக ஆறு பேர். சண்முகக்கனியின் கோழியும் இருந்தது, ஆனால் பாதியில் போய்விட்டதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. இருந்திருக்க வேண்டிய ஒருத்தி அங்கே இல்லை. அவள் நயினாரின் மனைவி மரகதவல்லி. அவள் இல்லாததால்தான் மற்ற ஆறு பேரும் அங்கே இருந்தார்கள்.

மரகதவல்லி கால்வாய்க்கு அந்தப் பக்கம் கீழூரில், தங்கை உலகம்மாள் வீட்டில் இருந்தாள். கோபித்துக்கொண்டு போனாள் என்று சொல்ல முடியாது. போகிற வழியில் இறங்கிக்கொண்டாள் என்பதுதான் சரி. அதற்குக் காரணம் வண்டி. நயினாருக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. சந்தையில் எடை போட்டால் வாயால் சொல்லாமல் மூட்டையில் சாக்கட்டியால் எழுதிவிட்டு நகர்ந்துகொள்வார். வீட்டில் சோறு வேண்டுமென்றால் தட்டை அரை அடி முன்னால் தள்ளுவார். ஆனால் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியில் போகும்போது மட்டும், முகத்துக்கு எதிரே ரோடுதான் இருக்கிறது என்பதாலும், இன்ஜின் போடுகிற தடதடப்பில் சொன்னது யாருக்கும் கேட்காது என்பதாலும், அவருக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். முன்னால் பார்த்தபடியே ஏதாவது சொல்வார். மரகதவல்லி தலையை நீட்டி, "என்ன?" என்பாள். அவர், "ஒண்ணுமில்ல" என்பார். கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி. கல்யாணம் எவ்வளவு நாள் ஆனதோ அவ்வளவு நாளும் இதுவே நடந்தது.

இதில் ஒரு "ஒண்ணுமில்ல" மட்டும் மரகதவல்லிக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்து, இனிமேல் பிள்ளைக்கு எதிர்பார்க்க வேண்டாம் என்று தண்ணீர் கொடுத்துச் சொல்லி அனுப்பிய அன்று, திரும்பி வருகிற வழியில், ஆலங்குளம் தாண்டிக் காற்றாலைகள் நிற்கிற இடத்தில், நயினார் ஏதோ சொன்னார். அவர் வழக்கமாகச் சொல்வதைவிடக் கொஞ்சம் நீளமாகவே சொன்னார். அவள் "என்ன?" என்றாள். அவர் "ஒண்ணுமில்ல" என்றார். மறுபடி கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருப்பாரோ, விதி என்று நொந்துகொண்டிருப்பாரோ, வெறுமனே டயரில் காற்றில்லை என்று சொல்லியிருப்பாரோ என்று அவள் மாவாட்டும்போதும் துணி அலசும்போதும் நினைத்து நினைத்து, பயம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் தெரிந்தால் போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். போன வாரம் சங்கரன்கோயில் போய்த் திரும்பும்போது நயினார் மறுபடி ஏதோ சொல்ல, அவள் மூன்று தடவை கேட்க, அவர் மூன்று தடவையும் ஒண்ணுமில்லை என்று சொல்ல, கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு தெரியணும். பதினாறு வருஷமாத் தெரியணும். இந்தச் சத்தத்துல எனக்கு எதுவும் கேக்க மாட்டேங்கி. இது ஒழிஞ்ச பொறவு வந்து கூப்பிடுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

நயினார் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற மனிதர். சத்தம் ஒழிய வேண்டும், அவ்வளவுதானே என்று வண்டியை மெக்கானிக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஆனால் தெருவே தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிற மாதிரி அடிக்கிற அந்த இன்ஜின், கடை வாசலில் போய் நின்றதும் பால் குடித்த பூனை மாதிரி அடங்கிவிட்டது. மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி. எப்படிச் சத்தம் வருதுன்னு நீங்க வாயால போட்டுக் காட்டுங்க" என்றான். கடையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். நயினார் வாயைத் திறந்தார், காது மடல் சிவந்தது, மூடினார், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த கடையிலும் அதுவேதான். எனவே ஞாயிற்றுக்கிழமை காலையில், சந்தை லீவு நாளில், வீட்டிலேயே பிரிப்பது என்று முடிவு செய்தார்.

முற்றத்தில் சாக்கை விரித்து, கழற்றுகிற போல்ட்டு நட்டுகளைக் கழற்றிய வரிசைப்படியே ஒரு முறத்தில் இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டு, லாரன்ஸ் கிக்கரை மெதுவாக அழுத்திக் கொடுக்க, நயினார் டேப்பெட் மூடியைத் திறந்து, ஷேவிங் பிளேடு ஒன்று இழுபட்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி வைத்து முறுக்கினார். ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். கோழி போனது அப்போதுதான். சத்தம் முன்பைவிடத் தெளிவாக இருப்பதாகச் சண்முகக்கனியின் புருஷன் சொன்னான். டைமிங் செயினை இறுக்கினார்கள். அதற்கும் சத்தம் அடங்கவில்லை. லாரன்ஸ் தலையைச் சொறிந்து, பத்து டயர் வண்டியாக இருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பேன், இது சின்னச் சாமான், கைக்குள் நிற்க மாட்டேன் என்கிறது என்று சமாதானம் சொல்லி, எதற்கும் பழைய ஆயிலை இறக்கிப் பார்க்கலாமே என்றான்.

அடியில் ஈயச்சட்டியை வைத்து டிரெய்ன் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் கறுப்பாக இறங்கி, நூலாகி, சொட்டாகி நின்றது. கடைசிச் சொட்டு விழுந்த பிறகு சத்தம் விழத் தொடங்கியது. ஆட்டு ஈரல் நிறத்தில், வெதுவெதுப்பாக, கையளவு கையளவான கட்டிகளாக, ஒவ்வொரு கட்டியும் தடதடவென்று தனக்குத்தானே துடித்துக்கொண்டு அது விழுந்தது. ஈயச்சட்டி நிறைந்தது. தண்ணீர் கேன்காரர் ஓடிப்போய் அடுக்களையிலிருந்து குத்துப்போணியை எடுத்து வந்து நீட்டினார். அதுவும் நிறைந்து, துணி ஊறவைக்கிற வாளியில் கால் பங்கும் ஆன பிறகுதான் நின்றது. இன்ஜினுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்த லாரன்ஸ், "முழுசா இறங்கிட்டு" என்றான். நயினார் வீட்டுக்குள் போய்த் தராசை எடுத்து வந்து நிறுத்தார். பாத்திரத்தைக் கழித்துப் பதினேழரைக் கிலோ இருந்தது.

இதை என்ன செய்வது என்பதில்தான் அன்று காலை முழுக்கப் பேச்சு நடந்தது. உப்புப் போட்டு வைத்தால் தாங்குமா என்று தண்ணீர் கேன்காரர் கேட்டார். குழி தோண்டிப் புதைக்கலாம் என்றான் சண்முகக்கனியின் புருஷன். புதைத்தால் தெருவில் உள்ள அத்தனை போர்வெல்லிலும் மோட்டார் போடாமலே மோட்டார் சத்தம் வரும் என்றான் லாரன்ஸ். குளத்தில் போட்டால் மீன் செத்துவிடாது, ஆனால் தூங்காது என்றாள் சண்முகக்கனி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பலவேசம் அண்ணாச்சி வாளியில் விரலை விட்டு ஒரு கட்டியை எடுத்து, இளசா முற்றலா என்று பார்க்கிறவர்போல அமுக்கிப் பார்த்துவிட்டு, தேக்கிலை பறித்துவர ஆள் அனுப்பினார்.

"ஒரே வீட்டுல கெடந்தா இது தொல்லை. வீட்டுக்கு அரைக் கிலோவாப் பிரிஞ்சிட்டுன்னா இது வெறும் சாமான்" என்றார்.

வாகைக்குளம் மேட்டுத்தெருவில் கூறு போடுவதற்கு முறை உண்டு. ஆடு யார் வீட்டில் அடித்தாலும் தெருவில் எத்தனை வீடோ அத்தனை கூறு. அடித்த வீட்டுக்குக் கூறு கிடையாது. எலும்பும் ஈரலும் கொழுப்பும் எல்லாக் கூறிலும் சமமாக விழ வேண்டும். அதோடு, தெருவாசி யாராவது வெளியூரில் தங்கியிருந்தால் அவர் பேருக்கும் ஒரு கூறு வைத்து, பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். விட்டுப்போனால் அது பெரிய பேச்சாகிவிடும். பலவேசம் அண்ணாச்சி விரித்த இலைகளின் மேல் சத்தத்தைப் பெரிய கட்டி, சின்னக் கட்டி, தூள் என்று பார்த்துப் பார்த்து வைத்தார். நயினார் வீடு போக முப்பத்துநான்கு வீடு. முப்பத்துநான்கு கூறு ஆனதும், விரல் மடக்கி யோசித்து, முப்பத்தைந்தாவதாக ஒன்று வைத்தார். அப்போது நயினார் புது ஆயில் ஊற்றி, முறத்திலிருந்து போல்ட்டுகளை வலமிருந்து இடமாக எடுத்து மாட்டுவதில் மூழ்கியிருந்தார். அதனால் முப்பத்தைந்தாவது கூறைச் சண்முகக்கனி எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பாலம் தாண்டிப் போனதை அவர் பார்க்கவில்லை.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆகியிருக்கிறதா என்று சைலன்ஸரில் கை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மேட்டுத்தெரு அந்தச் சத்தத்தை ஒரு பொழுதுக்குள் தன் வேலைகளுக்குள் சேர்த்துக்கொண்டது. சண்முகக்கனி தன் கூறை ஒரு கொட்டாங்கச்சியில் வைத்து மாடியில் வத்தலுக்கு நடுவே வைத்தாள், காக்கை ஒன்றும் அண்டவில்லை. லாரன்ஸ் பழுதாகிக் கிடந்த ஹாரனுக்குள் தன் கூறைத் திணித்துக்கொண்டு செங்கோட்டை மலைப்பாதையில் ஏறி, வளைவுக்கு வளைவு கேரள லாரிகளை ஒதுங்கவைத்தான். மேளக்காரர் வராமல் தவித்த ஒரு வளைகாப்பு வீட்டில் அதை ஒரு பித்தளைக் குடத்துக்குள் போட்டு மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள், கிட்டத்தட்டத் தாளத்துக்கு வந்தது. வயலில் மயில் விரட்டக் கொண்டுபோனவருக்கு மட்டும் அது உதவவில்லை. மயில்கள் சுற்றி நின்று தோகை விரித்து ஆடின. ரிட்டயர் ஆனதிலிருந்து தூக்கம் வராமல் கிடந்த பஸ் கண்டக்டர் ஒருவர், தன் கூறைத் தலைமாட்டு நாற்காலியில் வைத்துக்கொண்டு படுத்தவர், தென்காசி வந்துவிட்டதா என்று தூக்கத்தில் கேட்கிற அளவுக்கு அயர்ந்து தூங்கினார்.

மறுநாள் திங்கட்கிழமை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, நயினார் கீழூருக்குப் புறப்பட்டார். வழியில் நாய்கள் தலை தூக்கவில்லை. பாலத்தில் முன்னால் போன ஆட்டு மந்தை தானாக விலகாததால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது, அதுவும் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. உலகம்மாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகும், தன் வண்டியின் பழைய சத்தம் தடதடவென்று கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

உலகம்மாள் வெளியே வந்தாள். "வாங்க அத்தான். வண்டிய வாசல்லயா நிறுத்தியிருக்கிய? எங்க அடுப்படியில நிறுத்துன மாதிரியில்லா கேக்கு. நேத்துல இருந்து ஒரு சட்டிபானை எடம் மாறாம இருக்க மாட்டேங்கி" என்றாள்.

அவளுக்குப் பின்னால் மரகதவல்லி வந்தாள். கையில் தேக்கிலைப் பொட்டலம் இருந்தது, அது துடித்துக்கொண்டிருந்தது. அவள் நயினாரைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள்.

"சத்தத்தை ஒழிக்கச் சொன்னேன். பொட்டலம் கட்டி எனக்கே அனுப்பச் சொல்லல" என்றாள். அந்தக் கையோடு தெருவைக் கடந்து, எதிரே ஓடுகிற கால்வாயில் அதை வீசினாள். அது தடதடத்துக்கொண்டே மிதந்து, மடை வழியாக இறங்கி, வயல்காட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. நயினாருக்குத் தான் அனுப்பவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. முகத்துக்கு எதிரே முகம் இருந்ததால் வரவில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வந்ததைவிடச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அன்று மத்தியானம் சண்முகக்கனி மாடிக்கு ஏறியபோது, கொட்டாங்கச்சியில் இருந்த சத்தம் கரைந்துபோயிருந்தது. உழைக்க உழைக்கத் தேய்கிற சாமான்தான் அதுவும். புளியைக் கரைத்தால் கொட்டை மிஞ்சுகிற மாதிரி அடியில் கறுப்பாக, வழவழப்பாகக் கொஞ்சம் கொட்டைகள் கிடந்தன. எண்ணினாள், பதினேழு. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்ததும், கைச்சூடு பட்டு, அது நயினாரின் குரலில் தணிவாகப் பேசியது.

"இந்தப் பச்சைச் சேலையில உன்னைப் பாத்தா, சந்தைக்கு வந்த மொத வெண்டைக்கா மாதிரி இருக்கு, மரகதம்."

சண்முகக்கனி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நேற்றுப் புளிக்குழம்பு நன்றாக இருந்தது, இன்னும் இரண்டு கரண்டி கேட்டிருப்பேன், வெட்கமாக இருந்தது என்றது அது. இன்னொன்று, உன் தங்கை புருஷனுக்கு வாய் நீளம், ஆனால் ஆள் நல்லவன் என்றது. ஒன்று, குடையை முதுகில் குத்தாதே என்றது. ஒவ்வொன்றுக்குள்ளும் அது சொல்லப்பட்ட இடத்தின் காற்றும் கொஞ்சம் இருந்தது; ஒன்றில் மழை பெய்தது, ஒன்றில் ரயில்வே கேட் மணி அடித்தது.

புதன்கிழமைக்குள் முப்பத்துநான்கு வீட்டிலும் சத்தம் தேய்ந்து கொட்டை மிஞ்சிவிட்டது. பதினைந்து வீட்டில் பதினெட்டுப் பதினெட்டு, மற்ற வீட்டில் பதினேழு பதினேழு. கண்ணை மூடிக்கொண்டு கூறு போட்டாலும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வராது என்று பலவேசம் அண்ணாச்சி பெருமைப்பட்டுக்கொண்டார். தெரு ஆண்கள் தங்கள் வீட்டுக் கொட்டைகளை மனைவிமார் முதலில் எடுத்துவிட்டார்களே என்று கவலைப்பட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. ஒரு குழம்பையாவது நல்லா இருக்கு என்று சொன்னதுண்டா என்ற கேள்வி அந்த வாரம் பல வீடுகளில் எழுந்தது. சண்முகக்கனியின் புருஷன் வேறு வழியில்லாமல் மோர்க்குழம்பைப் பாராட்டினான். அன்று வீட்டில் வைத்திருந்தது ரசம்.

நயினார் பாடு பெரும்பாடாகிவிட்டது. சந்தையில் லாரன்ஸ் வந்து நின்று, "அண்ணாச்சி, மொத வெண்டைக்கா இன்னைக்கு வந்திருக்கா?" என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டான். டீக்கடையில் ஒருவர், இன்னும் இரண்டு கரண்டி டீ கேட்டிருப்பேன், வெட்கமாக இருக்கிறது என்றார். நயினார் மூட்டைக்குப் பின்னால் குனிந்து, எடையை எழுதி, எழுதியதையே மறுபடி எழுதினார். அதன் பிறகு பின்சந்து வழியாகவே வேலைக்குப் போய்வந்தார். வண்டியில் சத்தமில்லாததால் அதுவாவது முடிந்தது.

கொட்டைகள் யாருக்குச் சொந்தம் என்பதில் வழக்கு வந்தது. ஆட்டு வயிற்றில் மோதிரம் கிடந்தால் கூறு வாங்கினவனுக்கா சொந்தம், ஆட்டுக்காரனுக்குத்தானே என்று பலவேசம் அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லி, எல்லாவற்றையும் நயினாரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பலரும் தலையாட்டினார்கள். சண்முகக்கனிக்கு மட்டும் அது ஒப்பவில்லை.

"அவரு சொல்லி முடிச்சிட்டாரு, அண்ணாச்சி. அவருக்கு எதுக்கு? கேக்க வேண்டியவதான் இன்னும் கேக்கல" என்றாள்.

அதைக் கேட்டுப் பலவேசம் அண்ணாச்சி மறுபடி தேக்கிலைக்கு ஆள் அனுப்ப, புதனும் வியாழனும் மேட்டுத்தெருவிலிருந்து கீழூருக்கு ஆள் போனபடி இருந்தது. பாலத்தின் மேல் தேக்கிலைப் பொட்டலத்தோடு போகிறவர்கள், கொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் அங்கே என்ன நிலவரம் என்று கேட்டுக்கொண்டார்கள். உலகம்மாள் வீட்டு வராந்தாவில் மரகதவல்லி பாயில் உட்கார்ந்து, வாங்கிய கொட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து மூடி, காதருகே கொண்டுபோய்க் கேட்டாள். சிலவற்றுக்குச் சிரித்தாள். சிலவற்றுக்கு, இதையா வாய்க்குள்ளேயே வைத்திருந்தார் என்று தலையில் அடித்துக்கொண்டாள். எங்கம்மை பேசினதை மனதில் வைக்காதே, நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும் என்று ஒன்று சொன்னபோது முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தோளைப் பிடித்துக்கொண்டால் ஒன்றும் தேய்ந்துவிடாது என்று ஒன்று சொன்னதை உலகம்மாள் பிடுங்கித் தானும் கேட்டுவிட்டு, "யக்கா, அத்தானை நாங்க ஊமைன்னுல்லா நெனச்சிருந்தோம்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் ஒவ்வொரு கொட்டையையும் காதில் வைக்கும்போது மரகதவல்லி முதலில் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சுக்குப் பின்னால் உள்ள காற்றைக் கேட்டாள். காற்றாலை சுற்றுகிற ஓசை, அந்த விஷ் விஷ் என்ற ஓசை, எதிலாவது இருக்கிறதா என்று கேட்டாள். பஸ் ஹாரன் இருந்தது, கோயில் கொட்டு இருந்தது, மாட்டுச் சந்தை இருந்தது. காற்றாலை இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி வீட்டுப் பொட்டலமும் முடிந்தபோது அவள் பெட்டியில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றுமூன்று கொட்டைகள் இருந்தன, அவள் தேடினது அவற்றில் இல்லை. அவள் நிமிர்ந்து எதிரே ஓடுகிற கால்வாயைப் பார்த்தாள். பார்த்தபடியே எழுந்து, செருப்புப் போடாமல், மடைவரை நடந்து போனாள். மடைக்கு அந்தப் பக்கம் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. குனிந்து தேடினாள், ஒரு கொட்டையும் கண்ணில் படவில்லை.

இந்தச் செய்தியை வெள்ளிக்கிழமை காலையில் மதில் மேல் தலையை நீட்டிச் சண்முகக்கனிதான் நயினாரிடம் சொன்னாள். மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள், மொத்தம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றுமூன்று, ஆனால் அவர்கள் தேடினது கால்வாயில் போன கூறில் இருந்திருக்கும்போல, நேற்றிலிருந்து ஒருவாய்ச் சோறு இறங்கவில்லையாம் என்றாள். அந்தக் கூறைக் கொண்டுபோனது தான்தான் என்றும், முறை என்றுதான் கொண்டுபோனேன் என்றும் சொல்லிவிட்டு, "நான் செஞ்சது தப்பா அண்ணே?" என்று கேட்டாள்.

நயினார் இல்லை என்று தலையசைத்தார். அவர் மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து வண்டியில் அவள் "என்ன?" என்று கேட்டு, தான் "ஒண்ணுமில்ல" என்று மழுப்பிய பேச்சு எத்தனை என்பது அவருக்குத் தெரியும். எடை போடுகிற ஆளுக்கு எண்ணாமல் இருக்க முடியாது, எண்ணினதை மறக்கவும் முடியாது. அறுநூற்றுப் பதினொன்று. அதில் நாலு நாளாகச் சந்தையிலும் மதில் தாண்டியும் யார் யார் வாயிலிருந்து எது எது தன் காதில் விழுந்தது, எது எது விழவில்லை என்று யோசித்தார். தண்ணீரோடு போனது பதினெட்டு. அந்தப் பதினெட்டும் எது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சந்தைக்குப் போகவில்லை. வண்டியை எடுத்தார். இருபத்தாறு வருஷமாகத் தெருவை எழுப்பிக்கொண்டு கிளம்பியவர், பின்சந்துக்குப் போகாமல் தெரு வழியாகவே புறப்பட்டும் அது ஒருவருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர் அப்போது திரும்பி நின்றுகொண்டிருந்தார், நாய் படுத்துக் கிடந்தது, பலவேசம் அண்ணாச்சி பேப்பரை மடித்து அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மரகதவல்லி கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கை வைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்து பக்கத்தில் நின்றது அவளுக்குக் கேட்கவில்லை. நயினாரின் நிழல் தன் நிழலோடு தண்ணீரில் விழுந்ததைப் பார்த்துத்தான் திரும்பினாள்.

நயினார் ஸ்டாண்டு போட்டு இறங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "தண்ணியில போனது பதினெட்டு" என்றார்.

"எல்லாம் ஞாபகம் இருக்கா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"ஆலங்குளம் தாண்டி, காத்தாடிக்கிட்ட வரும்போது ஒண்ணு சொன்னிய."

அதற்கும் தலையசைத்தார். அவருடைய காது மடல்கள் சிவந்தன. கண் பாலத்திலிருந்து ரோட்டுக்கு ஓடி, ரோட்டோடு தூரமாகப் போய்ப் பேச இடம் தேடியது.

"அங்க பாத்துச் சொல்லாண்டாம். அது ரோட்டுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? இங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள் மரகதவல்லி.

ஒரு டிராக்டர் பாலத்தைக் கடந்து போனது. அது போகிறவரை நயினார் காத்திருந்தார். அதன் சத்தத்துக்குள் சொல்லிவிட்டால் சுலபமாக இருக்கும் என்று தோன்றியும் சொல்லாமல் காத்திருந்தார். அது போய், அதன் புழுதியும் அடங்கி, தண்ணீர் ஓடுவது கேட்கிற அளவுக்கு அமைதியான பிறகு, கழுத்தைத் திருப்பி, எடை மூட்டையைத் தூக்குகிற மாதிரிக் கண்ணைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்தார்.

"நம்ம வீட்டுல எடை குறையல, மரகதம். நீயும் நானும்னா முள்ளு நேராத்தான் நிக்கி. ஒரு குண்டுமணி கூடக் குறையல."

மரகதவல்லி கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "இதையா?" என்றாள். பிறகு, "இதையா பதினாறு வருஷம்" என்று ஆரம்பித்து, முடிக்காமல், அவர் தோளில் கையை மடக்கி ஒரு குத்து விட்டாள். குத்திய கையை எடுக்கவில்லை. உலகம்மாள் வீட்டுக்குப் போய், கொட்டைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தங்கை எதற்கு என்னவென்று கேட்பதற்குள் திரும்பி வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி பாலத்தில் இறங்கி, வயலை ஒட்டி, காற்று மட்டும் கேட்கும்படியாகப் போனது. சாயங்காலம் மேட்டுத்தெரு, நயினார் எப்படிக் கூட்டிக்கொண்டு வந்தார், எப்போது வந்தார், ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்று பேசிப் பேசி ஆற்றிக்கொள்ளப் போவது அவர்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

பாதி வழியில் மரகதவல்லி தலையை நீட்டி, "வண்டியில வேண்டாம். வீட்டுல வச்சு, இப்படியே முகத்தைப் பாத்து, ஒண்ணு ஒண்ணாச் சொல்லணும். இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டாள்.

நயினார் "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயெடுத்தார், பழக்கம். அதை விழுங்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"பதினேழு."